வைண்டிங் பாடத்துக்கு வசனவரி போட்ட கதை

பதினான்கு வீடியோ பாடங்கள், ஆறு ஒலிப் பாடங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய காயிலை வெட்டி எடுத்து, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் போட்டு ஓடவிடுவதுவரை கற்றுத்தரும் இணையவழிப் பயிற்சி அது. கோவையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை வைத்திருந்தவர்தான் ஆசிரியர். எல்லோருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும் அப்படியே. படம் பிடித்ததும் மூடில் (Moodle) என்ற இணையப் பயிற்சித் தளத்தில் ஏற்றியதும் என் வேலை.

பயிற்சி ஒரு வருடம் ஓடிய பிறகு, காது கேளாத மாணவர்கள் ஏழு பேர் சேர விரும்புவதாக ஒரு பயிற்சி மையத்திலிருந்து கேட்டார்கள். பேச்சைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசனவரி இருக்கிறதா? இல்லை. ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதினொரு வாரம் ஆனது.

முதலிலேயே போட்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியில், பதிவு செய்த வீடியோவுக்கு வசனவரி வேண்டும் என்ற 1.2.2 விதி ஆகக் கீழ்நிலையான 'ஏ' நிலையிலேயே வந்துவிடுகிறது. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் எல்லோரும் அணுகும் வடிவில் இருப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. கேட்க ஆள் இல்லாதவரை தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அவ்வளவுதான் காரணம்.

பேச்சை எழுத்தாக்கும் தானியங்கிக் கருவி ஒன்றிடம் முதல் பாடத்தைக் கொடுத்தேன். செய்தி வாசிப்பதுபோலப் பேசினால் அது நன்றாகவே எழுதும். மாஸ்டர் பேசுவதோ கொங்குத் தமிழ், அதிலும் பட்டறைத் தமிழ். "சுத்திக்கோணும்" என்று அவர் சொன்னதைக் கருவி "சுத்திக் கோணம்" என்று எழுதியது. ஸ்லாட் எல்லாம் சிலேட்டு ஆயின. ஸ்லாட்டுக்குள் மின்காப்புக்கு வைக்கும் லெதராய்ட் பேப்பர் "லெதர் ஆய்வு பேப்பர்" ஆனது. மின்காப்பைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்க்கும் இடத்தில் மேகம் வைத்துப் பார்த்தார்கள். இவையெல்லாம் படித்தவுடன் பிடிபடும் பிழைகள். ஆபத்து வேறிடத்தில் இருந்தது. மாஸ்டர் பேசாமல் காயிலைச் சுற்றிக்கொண்டிருக்கும் நீண்ட இடைவெளிகளில் கருவி சும்மா இருக்கவில்லை. யாரும் பேசாத வாக்கியங்களை, இலக்கணப் பிழை இல்லாமல், தானே எழுதி வைத்திருந்தது. திருத்துபவர் ஒலியைக் கேட்காமல் எழுத்தை மட்டும் படித்தால் அவை கண்ணில் படவே படா. மூன்று பாடங்களோடு கருவியை நிறுத்திவிட்டுக் கையால் தட்டச்சு செய்தேன். மாஸ்டர் வேகமாகப் பேசும் இடங்களில் ஒரு நிமிடப் பேச்சுக்கு ஏழெட்டு நிமிடம் பிடித்தது.

எழுதி முடித்ததைக் கோப்பாக்கும் இடத்தில் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். வரிகளையும் அவை தோன்றும் நேரத்தையும் எழுதிவைக்கும் கோப்பில் பல வகை உண்டு. என்னிடம் இருந்தது எஸ்ஆர்டி கோப்பு. உலாவியின் வீடியோ பெட்டிக்கு வேண்டியது வெப்விடிடி. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். பெயரின் வால்பகுதியை மட்டும் மாற்றிப் போட்டால் போதும் என்று நினைத்தேன். வசனவரி வரவில்லை; பிழைச் செய்தியும் வரவில்லை. வெப்விடிடி கோப்பின் முதல் வரியில் அந்தப் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (WEBVTT) இருந்தாக வேண்டும், அதன் பின் ஒரு வெற்று வரி. மில்லி நொடிக்கு முன்னால் எஸ்ஆர்டியில் காற்புள்ளி, இதில் முற்றுப்புள்ளி:

00:01:12.400 --> 00:01:15.900

அதையும் திருத்தினேன். அப்போதும் வரவில்லை. இரண்டாவது பழுது வேறு. பக்கத்தை என் கணினியின் வட்டிலிருந்தே இரட்டைச் சொடுக்கில் திறந்து சோதித்துக்கொண்டிருந்தேன். அப்படித் திறந்தால் குரோம் உலாவி பாதுகாப்புக் காரணத்துக்காக வசனவரிக் கோப்பைப் படிக்க மறுத்துவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒற்றை வரிக் கட்டளையால் கணினியிலேயே சிறு சர்வர் ஒன்றை ஓடவிட்டு, அதன் வழியே திறந்ததும் தமிழ் வரிகள் வந்து நின்றன. காயிலும் எரிந்து, கண்டன்சரும் போன மோட்டார் மாதிரிதான்: ஒன்றைச் சரி செய்து ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்பதால் செய்த வேலையையே சந்தேகிப்போம்.

கோப்பை, ஒருங்குறி (யூனிகோட்) எழுத்துகளைப் பதியும் யூடிஎஃப்-8 குறிமுறையில்தான் சேமிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெப்விடிடிக்கு வேறு குறிமுறை கிடையாது. மாஸ்டரின் பழைய குறிப்புகள் சில, ஒருங்குறியைப் பின்பற்றாத பாமினி எழுத்துருவில் இருந்தன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே வெட்டி ஒட்ட முடிந்தது.

ஒலிப் பாடங்களில் இன்னொரு வியப்பு காத்திருந்தது. ஒலிப் பெட்டிக்குள்ளும் வசனவரிக் கோப்பை இணைக்க, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குப் படம் காட்டும் பரப்பு இல்லை; எழுத்து எங்கே போய் நிற்கும்? உலாவிகள் அதைக் காட்டுவதே இல்லை. தீர்வு எளிது: ஒலிக் கோப்பை வீடியோ பெட்டிக்குள் போட்டு, பின்னணிக்கு ஒரு படம் கொடுப்பது. சுற்று எண்ணிக்கையைக் கணக்கிடும் பாடத்துக்கு, மாஸ்டர் கைப்பட எழுதிய கணக்குத் தாளையே படமாக வைத்தேன். வெறும் ஒலிக்கு முழு எழுத்து வடிவம் தந்தாலே விதிக்குப் போதும். ஆனால் ஏழு பேரில் இருவர் காதுக் கருவி அணிபவர்கள். பாதி கேட்டு, பாதி படித்துப் பின்தொடர்பவர்களுக்கு, குரலோடு சேர்ந்து நகரும் வரிதான் உதவுகிறது.

நேரப் பொருத்தத்தில் என்னை ஏமாற்றியது நான்காம் பாடம். அதற்கு நேரம் குறித்துத் தந்தவர் வீடியோ எடிட்டிங் தெரிந்த நண்பர். தொடக்கத்தில் கச்சிதமாக இருந்த வரிகள், 24 நிமிடப் பாடத்தின் முடிவில் குரலுக்கு ஒன்றரை நொடி முன்னால் ஓடின. மாஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே விடை திரையில். எல்லா நேரங்களையும் ஒன்றரை நொடி பின்னுக்குத் தள்ளினேன். முடிவு சரியானது, தொடக்கம் கெட்டது. அப்போதுதான் உறைத்தது: இது தள்ளி நிற்கும் பழுதல்ல, வழுக்கிக்கொண்டே போகும் பழுது. வீடியோ நொடிக்கு 29.97 பிரேம், அதாவது தனிப்படம். நண்பரின் எடிட்டர் நேரத்தைப் பிரேம் எண்ணிக்கையாகக் குறித்து, நொடிக்கு 30 என்று வகுத்திருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி, 24 நிமிடத்தில் 1.44 நொடி. எல்லா நேரங்களையும் 1.001 ஆல் பெருக்கியதும் முதல் வரி முதல் கடைசி வரி வரை ஒட்டிக்கொண்டது. வசனவரி பொருந்தவில்லை என்றால் பாடத்தின் தொடக்கத்தில் ஒரு வரியையும் முடிவில் ஒரு வரியையும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே பிசகு என்றால் கூட்டல், கழித்தல். வேறுவேறு என்றால் பெருக்கல்.

இதுவரை சொன்னவையெல்லாம் தேடினால் விடை கிடைக்கும் சங்கதிகள். மீதிக்கு அப்படி விடை கிடைக்கவில்லை.

மாஸ்டர் சொன்னதை அப்படியே எழுதுவதா, எழுத்துத் தமிழில் எழுதுவதா? பேசியதைப் பேசியபடியே தருவதுதான் வசனவரிக்கு அறம் என்பது நான் படித்த பாடம். ஆங்கிலத்தில் அதில் பெரிய சிக்கல் இல்லை. நமக்கு வாயில் ஒரு தமிழ், ஏட்டில் ஒரு தமிழ். முதல் இரண்டு பாடங்களை "சுத்திக்கோணும்", "வெக்கோணும்" என்றே எழுதி மையத்துக்கு அனுப்பினேன். மாணவர்கள் நிறைய சொற்களை வட்டமிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சைகை மொழிபெயர்ப்பாளராக உதவும் பெண்மணி எனக்குப் புரியவைத்தார்: அவர்களில் ஐந்து பேருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. தமிழ் அவர்களுக்குப் புத்தகத்தின் வழியே வந்தது. பேச்சுத் தமிழ் காதால் கற்பது. கேட்டே இராதவர்களுக்கு "வெக்கோணும்" என்பது அச்சுப் பிழைபோலத்தான் தெரியும். நமக்கு எளிமையாகத் தோன்றுவதுதான் அவர்களுக்குக் கடினம்.

சரி, எழுத்துத் தமிழ் என்று முடிவு செய்தேன். உடனே இரண்டு சிக்கல்கள். காதுக் கருவி அணியும் இருவரும், கேட்பது ஒன்றும் படிப்பது ஒன்றுமாக இருப்பதால் தடுமாறுவதாக எழுதினார்கள். அடுத்தது, நீளம். "சுத்திக்கோணும்" ஏழு எழுத்து. "சுற்றிக்கொள்ள வேண்டும்" பதினொன்று. மாஸ்டர் மூச்சு விடாமல் பேசும் இடங்களில் எழுத்துத் தமிழ் நேரத்துக்குள் அடங்க மறுத்தது.

நொடிக்கு எத்தனை எழுத்து ஓடுகிறது என்று சோதிக்க ஒரு சின்னப் பைத்தான் நிரல் எழுதினேன். ஓட்டியதும் கிட்டத்தட்ட எல்லா வரிகளுக்கும் சிவப்பு. அத்தனையும் வேகம் என்றால் நம்ப முடியவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். "சுற்றிக்கொள்ள வேண்டும்" என்பதற்கு நிரல் சொன்ன கணக்கு 22. ஒருங்குறியில் சு என்பது ச, உகரக் குறி என இரண்டு. ற் என்பது ற, புள்ளி என இரண்டு. புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணினால் தமிழ் எப்போதும் அவசரக்காரன்போலத்தான் தெரியும். குறிகளை விட்டுவிட்டு எண்ணும்படி நிரலைத் திருத்தினேன். பதினொன்றும் ஓர் இடைவெளியும் வந்தன. சிவப்பு வரிகள் கால்வாசியாகக் குறைந்தன. வேக வரம்புகளை ஆங்கில வழிகாட்டிகளிலிருந்து எடுத்து அப்படியே தமிழில் வைப்பவர்கள் முதலில் தங்கள் கருவி எதை எழுத்து என்று எண்ணுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் மாணவர்களோடு சோதித்து, நொடிக்குப் பத்து எழுத்து என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வரிக்கு மேல் இல்லை. ஒரு வரியில் சுமார் 25 எழுத்து. ஐந்து நொடி திரையில் நிற்கும்.

வரியை எங்கே முறிப்பது என்பதும் கை பழகியே வந்தது. "கண்டன்சரைக் கழற்றி / விட்டு" என்று முறிந்தால் படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுவார். துணைவினையை முதல் வினையிலிருந்து பிரிக்காமலும், உருபு ஏற்ற பெயரை அதன் வினைக்கு அருகிலும் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். சொற்களில் நான் பட்டறைப் பக்கம். மாஸ்டர் கண்டன்சர் என்றால் வரியிலும் கண்டன்சர்தான். பாடநூல் மின்தேக்கி என்கிறது என்பதற்காக மாற்றினால், நாளைக்குக் கடையில் போய் எழுதிக் காட்டும்போது மாணவருக்குச் சரியான சாமான் கிடைக்காது. பாடநூல் சொற்களைப் பாடத்தின் கீழே ஒரு பட்டியலாகக் கொடுத்தேன்.

பிறகுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு தெரிந்தது. மாணவர்கள் ஏழாம் பாடத்தைப் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஸ்லாட்டுக்குள் காயிலை இறக்கும்போது கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரலால் எப்படி நீவ வேண்டும் என்று மாஸ்டர் செய்துகொண்டே சொல்கிறார். கேட்பவருக்குக் கண் கையில், காது சொல்லில். கேளாதவருக்கு இரண்டுமே கண்தான். வரியைப் படிக்கும்போது விரல் போய்விடுகிறது, விரலைப் பார்க்கும்போது வரி போய்விடுகிறது. ஒரு மாணவி ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, படித்து, பின்னுக்குப் போய், கையைப் பார்த்து, மீண்டும் ஓடவிட்டார். 18 நிமிடப் பாடம் அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் நேரப் பொருத்தம் மில்லி நொடி சுத்தம். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

மறுபடி எடிட்டிங் மேசைக்குப் போனேன். கைவேலை தொடங்கும் முன் படத்தை மூன்று அல்லது நான்கு நொடி உறையவைத்து, அந்த இடைவெளியில் வரி வந்து போகும்படி செய்தேன். அதன் பின் கை மட்டும், வரி இல்லாமல். பாடம் மூன்று நிமிடம் நீண்டது. காது கேட்கும் மாணவர்கள் குறை சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். குறிப்பெடுக்க நேரம் கிடைக்கிறது என்றார்கள். ஆனால் படத்தில் ஓர் இடத்தில் நான்கு நொடி சேர்த்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா வரியும் நான்கு நொடி தள்ள வேண்டும். அடுத்த உறைவில் இன்னொரு மூன்று. ஏழு பாடங்களுக்கு நேரம் குறித்த வேலை அப்படியே வீணாயிற்று. பாடத்தை வெட்டி ஒட்டி முடிக்காமல் வசனவரியில் கை வைக்காதீர்கள். சுவருக்கு வெள்ளையடித்த பிறகு வயரிங்குக்கு வெட்டிய கதை என்னுடையது.

வரிகள் வழக்கம்போலப் படத்தின் அடியில் வந்ததும் ஒரு தொல்லை. மேசைமேல் நடக்கும் வேலை என்பதால் மாஸ்டரின் கைகள் எப்போதும் அடியில்தான் இருக்கும். வெப்விடிடியில் நேரம் குறிக்கும் வரியின் முடிவில் இடத்தையும் குறிக்கலாம். கைகள் மறையும் இடங்களில் மட்டும் வரியை மேலே ஏற்றினேன். எல்லாவற்றையும் மேலே வைத்துப் பார்த்தேன்; கண் அலைவதாகச் சொன்னதால் விட்டுவிட்டேன்.

சத்தங்களை எழுதுவது எனக்குப் பிடித்த வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். தமிழில் சத்தத்துக்கா பஞ்சம்? இரட்டைக்கிளவி ஒரு மூட்டை இருக்கிறது. பன்னிரண்டாம் பாடம் முழுக்கச் சத்தம்தான். பேரிங் தேய்ந்த மோட்டார், கண்டன்சர் போனதால் சுற்றாமல் நின்ற இடத்திலேயே முனகும் மோட்டார், ரோட்டர் உரசும் மோட்டார். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு "இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று மாஸ்டர் பேச்சை நிறுத்திவிடுவார். நான் அடைப்புக்குறிக்குள் கரகர, உய்ங், கிரீச் என்று எழுதி ரசித்துக்கொண்டேன். மாணவர் ஒருவர் தாளில் எழுதிக் கேட்டார்: கரகர என்றால் கையில் எப்படி இருக்கும்?

மாஸ்டரிடம் காட்டினேன். ஸ்குரூடிரைவரின் முனையைப் பேரிங் மூடியில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பட்டறை வழக்கம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கைப்பிடியைக் காதில் வைக்காமல் உள்ளங்கையில் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஓர் எவர்சில்வர் தட்டும் கொஞ்சம் கடுகும் கொண்டுவந்தார். நல்ல மோட்டாரின் மேல் தட்டை வைத்தால் கடுகு லேசாக நடுங்குகிறது. பேரிங் போன மோட்டாரில் துள்ளி விளிம்புக்கு ஓடுகிறது. அந்தப் பாடத்தையே மறுபடி படம் பிடித்தோம். வரியில் இப்போது "கரகர என்ற சத்தம், பேரிங் தேய்வு" என்று மட்டும் இருக்கிறது. மீதியைக் கடுகு சொல்கிறது.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக, படத்தோடு வரிகளை ஒட்டிய பிரதியும் கேட்டார்கள். நான் வைத்திருந்த பழைய எடிட்டரில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. "கெ" இருக்க வேண்டிய இடத்தில் க, அதன் வலப்பக்கம் அநாதையாக ஒரு கொம்பு. தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரிந்த வேறு மென்பொருளுக்கு மாறியதும் தீர்ந்தது. ஒட்டும் முன் கொ, கோ, கௌ மூன்றும் உள்ள ஒரு வரியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

காதுக் கருவி அணிபவர்களுக்காக, ஆறாம் பாடத்திலிருந்து, பட்டியலில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி இரண்டு தமிழ் வசனவரிக் கோப்புகள் வைத்தேன். எழுத்து நடை ஒன்று, பேச்சு நடை ஒன்று. ஒரே மொழி என்பதால் பட்டியலில் இரண்டுக்கும் வேறு வேறு பெயர் இருந்தாக வேண்டும். ஒரே வகை, ஒரே மொழி, ஒரே பெயரில் இரண்டு இருக்க எச்டிஎம்எல் விதி விடாது. தானாகத் தோன்றுவது எழுத்து நடை. பேச்சு நடையைக் கேளாதவர்கள் தொடமாட்டார்கள் என்று உறுதியாக நம்பினேன். முதல் ஐந்து பாடங்களுக்கு அதைப் போடாமலே விட்டதற்கு அதுதான் காரணம். முன்பு எழுதிய இரண்டையும் அழித்துவிட்டிருந்தேன்.

பயிற்சி முடியும் வாரம் மையத்துக்குப் போயிருந்தேன். ஏழாம் பாடத்தோடு மல்லுக்கட்டிய அதே மாணவி பத்தாம் பாடத்தை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பேச்சு நடை. தவறாக மாறிவிட்டது என்று நினைத்துத் திருத்தக் கை நீட்டினேன். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, அலைபேசியில் தட்டிக் காட்டினார்: முதல் முறை எழுத்து நடையில் பார்த்துப் பாடத்தைப் புரிந்துகொள்கிறார். இரண்டாம் முறை பேச்சு நடையில், மாஸ்டரின் உதட்டைப் பார்த்து. அடுத்த மாதம் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே யாரும் "வைக்க வேண்டும்" என்று வாயசைக்க மாட்டார்கள், "வெக்கோணும்" என்றுதான் அசைப்பார்கள். கடைசியாக, முதல் ஐந்து பாடங்களில் இது ஏன் இல்லை என்று கேட்டிருந்தார்.

மூன்றாம் பாடம் வரை முடித்திருக்கிறேன்.